பகல் வெளிச்சம், டோபமின், பிள்ளைகளின் கிட்டப்பார்வை: வேலூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பது என் வேலை. மைனஸ் பவர் என்று சொன்னதுமே பெற்றோர் கேட்பது, "செல்போன் பார்த்ததாலயா மேடம்?" பாதி சரியான கேள்விதான். மீதிப் பாதி, பிள்ளை எதைப் பார்த்தது என்பதில் இல்லை. எந்த வெளிச்சத்தில் பொழுதைக் கழித்தது என்பதில் இருக்கிறது. வெளிச்சத்தையும் கண்ணின் வளர்ச்சியையும் இணைப்பது, கண்ணுக்குள்ளேயே சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள். பரிசோதனை அறையில் ஐந்து நிமிடத்தில் விளக்க முடியாததால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கிட்டப்பார்வை என்றால் கண்ணில் என்னதான் கோளாறு?

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கோளாறு கண்ணின் நீளத்தில். பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்வரை சுமார் 17 மி.மீ. இருக்கும். முதல் இரண்டு மூன்று வயதுக்குள் வேகமாக வளர்ந்து, அப்புறம் மெதுவாகி, பெரியவர்களானதும் 23 முதல் 24 மி.மீ.க்குள் நிற்கும். அங்கே நிற்காமல் இன்னும் நீண்டுகொண்டே போனால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். கரும்பலகை மங்கலாகத் தெரியும், கையில் வைத்திருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரியும்.

கூடுதலாக நீளும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) பவர். மைனஸ் மூன்று என்று சீட்டில் எழுதியிருந்தால், அந்தக் கண் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அதிகமாக வளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நீண்ட கண் திரும்பச் சுருங்கிப் பழைய அளவுக்கு வராது. கண்ணாடி பிம்பத்தைச் சரியான இடத்தில் விழவைக்கும், நீளத்தைக் குறைக்காது. ஆகவே பவர் வந்தபிறகு என்ன செய்வது என்பதைவிட, வராமல் எவ்வளவு வருடம் தள்ளிப்போடலாம் என்று யோசிப்பதில்தான் பலன் அதிகம். ஏழு வயதில் தொடங்கும் கிட்டப்பார்வையும் பதின்மூன்றில் தொடங்குவதும் ஒன்றல்ல. சீக்கிரம் தொடங்கினால் ஏறுவதற்கு வருடங்கள் அதிகம்.

கண் எவ்வளவு வளர வேண்டும் என்று மூளையா முடிவு செய்கிறது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் முடிவின் பெரும்பகுதி கண்ணுக்குள்ளேயே, விழித்திரையிலேயே நடக்கிறது.

1977-ல் டார்ஸ்டன் வீசல், எலியோ ரவியோலா இருவரும், இமை தைத்து மூடப்பட்ட குரங்குக் குட்டிகளின் கண் அளவுக்கு மீறி நீண்டுவிடுவதைக் காட்டினார்கள். (வீசல் பின்னால் 1981-ல் பார்வை ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர்.) அடுத்த வருடமே ஜாஷ் வால்மன் குழுவினர், கோழிக்குஞ்சுகளின் பார்வையைக் கட்டுப்படுத்தினால் அவற்றின் கண்ணும் கிட்டப்பார்வைக்குப் போவதைக் கண்டார்கள். கோழிக்குஞ்சின் கண் நாள்கணக்கில் மாறுவதால் இந்தத் துறையே கோழிக்குஞ்சை நம்பி வளர்ந்தது. தெளிவான பிம்பம் கிடைக்காத கண் வளர்ந்துகொண்டே போகிறது. பிறவியிலேயே கண்புரை உள்ள குழந்தைகளிடமும், இமை தொங்கிக் கருவிழியை மறைத்த குழந்தைகளிடமும் இதைக் காணலாம்.

எனக்கு இன்றும் வியப்பைத் தருவது அதற்கடுத்து நடந்த சோதனைகள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை வெட்டிய பிறகும் குஞ்சுகளின் கண் அதேபோல் நீண்டது. கண்ணின் ஒரு பாதிக்கு மட்டும் மங்கல் திரை போட்டால், அந்தப் பாதி மட்டும் பின்பக்கமாக வளர்ந்தது. 1988-ல் ஃபிராங்க் ஷேஃபல் குழுவினர் குஞ்சுகளுக்குச் சின்னக் கண்ணாடிகளே மாட்டிவிட்டார்கள். மைனஸ் கண்ணாடி போட்டால் கண் நீண்டது, பிளஸ் கண்ணாடி போட்டால் வளர்ச்சி குறைந்தது. பிம்பம் முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்பதை விழித்திரையே கண்டுபிடித்து, தன் பின்னால் இருக்கும் ரத்தநாளப் படலத்துக்கும் அதற்கும் வெளியே இருக்கும் வெள்ளைத் தோலுக்கும் செய்தி அனுப்புகிறது. வெள்ளைத் தோல் இளகிக்கொடுத்தால் கண் நீளும்.

இதில் டோபமின் எங்கே வருகிறது?

அந்தச் செய்தியைச் சுமக்கும் பொருள்களில் மிக அதிகமாக ஆராயப்பட்டது டோபமின். விழித்திரையில் அமக்ரைன் என்ற நரம்புச் செல் வகை உண்டு. அதில் எண்ணிக்கையில் மிகக் கொஞ்சமான ஒரு பிரிவு, நாம் சாப்பிடும் புரதத்தில் இருக்கும் டைரோசினிலிருந்து டோபமின் தயாரிக்கிறது. செல்கள் கொஞ்சம்தான் என்றாலும் அவை வெளியிடும் டோபமின் விழித்திரை முழுக்கப் பரவிவிடும்.

வெளிச்சம் பட்டால் சுரப்பு கூடும், இருட்டில் குறையும். தூக்கத்தோடு தொடர்புடைய மெலடோனின் இரவில் கூடிப் பகலில் குறையும். டோபமின் அதற்கு நேர் எதிர். அதன் அன்றாட வேலை, விழித்திரையை இரவுப் பார்வையிலிருந்து பகல் பார்வைக்கு மாற்றிவைப்பது. கண் வளர்ச்சிக்குப் பிரேக் போடுவது அதன் இன்னொரு வேலை.

1989-ல் ரிச்சர்ட் ஸ்டோன், மைக்கேல் அயுவோன் உள்ளிட்ட குழு வெளியிட்ட ஆய்வுதான் இந்தக் கதையின் தொடக்கம். குஞ்சுகளின் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து வைத்தார்கள். மூடிய கண்ணின் விழித்திரையில் பகல்நேர டோபமின் அளவு குறைந்திருந்தது. டோபமின் போலவே வேலை செய்யும் அபோமார்ஃபின் என்ற மருந்தை அந்தக் கண்ணுக்குக் கொடுத்தபோது, கண் நீள்வது மட்டுப்பட்டது. டோபமின் குறைந்தால் பிரேக் தளர்கிறது, மருந்தால் அந்த வேலையைச் செய்துகொடுத்தால் பிரேக் மறுபடி பிடிக்கிறது.

வெளிச்சம், டோபமின், கண் வளர்ச்சி மூன்றும் ஒரே சங்கிலி என்று நிரூபித்திருக்கிறார்களா?

விலங்குகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. ரீகன் ஆஷ்பியும் ஷேஃபலும் 2009, 2010-ல் வெளியிட்ட ஆய்வுகளில், சாதாரண அறை வெளிச்சத்தில் (500 லக்ஸ்; லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வளர்ந்த குஞ்சுகளைவிட 15,000 லக்ஸ் வெளிச்சத்தில் இருந்தவற்றுக்குக் கிட்டப்பார்வை கணிசமாகக் குறைவாக வந்தது. அப்புறம் டோபமின் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகளை ஒரு மருந்தால் அடைத்தார்கள். வெளிச்சம் அதே அளவுதான், ஆனால் பாதுகாப்பு போய்விட்டது. வெளிச்சம் டோபமின் வழியாகத்தான் வேலை செய்கிறது என்று சொல்ல இதுதான் நேரடியான சான்று. 2012-ல் இயர்ல் ஸ்மித் குழு குரங்குக் குட்டிகளிடமும் இதைப் பார்த்தது. மங்கல் திரையால் வரும் கிட்டப்பார்வையைப் பிரகாசமான வெளிச்சம் தடுத்தது.

ஆனால் எல்லாம் ஒரே கோட்டில் வரவில்லை. அதே குழு அடுத்த வருடம், மைனஸ் கண்ணாடியால் உண்டாகும் கிட்டப்பார்வையைக் குரங்குகளிடம் வெளிச்சத்தால் தடுக்க முடியவில்லை என்று கண்டது. எலிகளில் எந்த ஏற்பி முக்கியம் என்பதில் முடிவுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையின் விழித்திரையில் டோபமினை அளந்து பார்ப்பதும் நடக்காது. மனிதர்களில் நாம் நேரடியாகக் காண்பது வெளிச்சத்தின் பலனை மட்டும். நடுவில் டோபமின் இருக்கிறது என்பது விலங்குகளிலிருந்து வரும் வலுவான ஊகம். இதை மறைத்து, "டோபமின்தான் காரணம், முடிந்தது" என்று பேசுகிற காணொளிகளை நம்பாதீர்கள்.

பிள்ளைகளிடம் வெளிச்சம் உண்மையாகவே பலன் தந்திருக்கிறதா?

தந்திருக்கிறது. இந்த விஷயத்தில் மனிதர்களிடமே சோதனைகள் நடந்திருக்கின்றன.

முதலில் ஒரு ஒப்பீடு. 2008-ல் காத்ரின் ரோஸ் குழு, சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, ஆறேழு வயதுக்காரர்களை, ஒப்பிட்டது. சிங்கப்பூரில் 29.1% பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3% பேருக்கு. பெற்றோரிடம் கிட்டப்பார்வை இரு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. படிப்பு குறைவா என்றால் அதுவும் இல்லை. சிட்னிப் பிள்ளைகள்தான் வாரத்துக்கு அதிகப் புத்தகங்கள் படித்தார்கள். பெரிய வித்தியாசம் வெளியில் இருந்த நேரத்தில்: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி. படிக்கும் பிள்ளைக்குக் கண்ணாடி வருவது விதி என்று நினைப்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஒப்பீடு மட்டும் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, ஆறில் மட்டும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது 30.4% பேருக்கு, மற்றப் பள்ளிகளில் 39.5% பேருக்கு. இது 2015-ல் வெளியானது. நாற்பது நிமிடம் என்பது நம் பள்ளிகளின் ஒரு பீரியட்.

தைவான் இதை நாடு முழுக்கச் செய்தது. 2010 முதல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே அனுப்பும் திட்டம் வந்தது. அதற்கு முந்தைய பத்து வருடமாக ஏறிக்கொண்டே வந்து 2011-ல் 50 சதவீதத்தைத் தொட்ட பார்வைக் குறைபாடு, 2015-ல் 46.1 சதவீதமாக இறங்கியது. இறக்கம் சின்னதாகத் தெரியலாம். கிழக்காசியாவில் வேறெங்கும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாட்டின் கோடு கீழே திரும்பியது சின்ன விஷயம் அல்ல.

நம் நாட்டிலும், டெல்லிப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வு 13.1% பேருக்குக் கிட்டப்பார்வை என்று கண்டது. வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வெளியே விளையாடியவர்களிடம் அது குறைவாக இருந்தது.

அதெல்லாம் சரி. வேலூர் வெயிலில் பிள்ளையை நிற்க வைக்கச் சொல்கிறீர்களா?

இல்லவே இல்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் அது பொறுப்பற்ற பேச்சு. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிரிக்கெட் ஆடினால் பிள்ளை மயங்கித்தான் விழும்.

கண்ணுக்குத் தேவை வெளிச்சம். சூடு தேவையில்லை, தோலில் நேர்வெயில் படவும் தேவையில்லை. இதை நேரில் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு பள்ளியில் போனில் லக்ஸ் அளக்கும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தேன். வகுப்பறையின் நடுப் பெஞ்சில் எண் மூன்று இலக்கத்திலேயே நின்றது, அதுவும் கீழ்ப்பக்கமாக. ஜன்னல் ஓரத்தில் கொஞ்சம் ஏறியது. வராந்தாவுக்கு வந்ததும் நாலு இலக்கம். முற்றத்து வேப்பமர நிழலில் நின்றபோது அதைவிடப் பல மடங்கு. நிழலை விட்டு ஓரடி வைத்ததும் ஐந்து இலக்கத்தைத் தாண்டி ஓடியது. வகுப்பறையில் நின்ற என் கண்ணுக்கு அறை நல்ல வெளிச்சமாகத்தான் பட்டது. கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை.

நேர் மதிய வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அவ்வளவு வேண்டியதில்லை. 2018-ல் வெளியான தைவான் பள்ளி ஆய்வு, 1,000 லக்ஸைத் தாண்டிய வெளிச்சமே போதிய நேரம் கிடைத்தால் பலன் தருகிறது என்றும், மர நிழலும் நடைக்கூடமும்கூட உதவும் என்றும் சொன்னது. வேலூருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. வெளிச்சம் நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு இல்லாதது அதில் இருக்கும் நேரம்.

தொப்பி போடட்டும், நிழலில் இருக்கட்டும், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் சின்னப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நேராகப் பார்ப்பது விழித்திரையைச் சுட்டுவிடும். அதற்கும் டோபமினுக்கும் சம்பந்தம் இல்லை.

எந்த நேரம் நல்லது?

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், சாயங்காலம் நாலரையிலிருந்து பொழுது சாயும்வரை. கோட்டை மைதானத்துக்கோ பாலாற்று மணலுக்கோ பிள்ளைகள் போவதும் இந்த நேரத்தில்தான்.

ஒரு எச்சரிக்கை. "தினமும் விளையாட விடுறோமே" என்று சொல்லும் வீடுகளில் விசாரித்தால், டியூஷன் முடிந்து ஏழு மணிக்குத் தெருவிளக்கில் ஷட்டில் ஆடுவதைச் சொல்வார்கள். உடம்புக்கு நல்லது, கண்ணின் இந்தக் கணக்கில் சேராது. சூரியன் மறைந்ததும் வெளிச்சம் அறை அளவுக்கு இறங்கிவிடும். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும் இங்கே. முதலில் விளையாட்டு, அப்புறம் டியூஷன் என்று வரிசையை மாற்ற முடிந்தால் அதுவே பெரிய காரியம்.

தினமும் எவ்வளவு நேரம்?

இரண்டு மணி நேரத்தை இலக்காக வையுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். பள்ளிக்கு நடந்து போவது, இடைவேளை, மாலை விளையாட்டு எல்லாம் சேர்த்துக் கணக்கு. கோழிக்குஞ்சுச் சோதனைகளிலும் கொஞ்ச நேர வெளிச்சமே பலன் காட்டியிருக்கிறது.

டியூப்லைட்டை இன்னும் இரண்டு கூட்டினால் போதாதா? ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தால்?

படிக்கச் சுகமாக இருக்கும், செய்யுங்கள். ஆனால் வீட்டு விளக்குகளால் ஆயிரக்கணக்கான லக்ஸை எட்டுவது கஷ்டம். ஜன்னலிலிருந்து நாலடி உள்ளே வந்தாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல் இருந்தால் அது ஜன்னலைவிட மேல்.

பெண் குழந்தையை வெயிலில் விட்டால் கறுத்துவிடும் என்கிறார் மாமியார். என்ன சொல்வது?

இந்தக் கேள்வி வாரா வாரம் வருகிறது. பாட்டிமார்கள் பரிசோதனை அறைக்கே வந்து, "பொட்டப் புள்ள, வெயில்ல ஆடினா கறுத்துப் பூடுவா" என்று சொல்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பேத்தியை இந்த ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் அதே வீட்டில் அண்ணன் தெருவில் ஆடிக்கொண்டிருப்பான், தங்கை உள்ளே உட்கார்ந்திருப்பாள், அவள் கண்ணாடியின் தடிமன் வருடா வருடம் கூடும். அதைப் பார்க்கையில் மனசு கனத்துப்போகிறது.

மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: காலையிலும் சாயங்காலமும் மர நிழலில் ஆடினால் போதும், உச்சி வெயில் வேண்டாம் என்று கண் பார்ப்பவர்களே சொல்கிறார்கள். நிறம் மாறினால் திரும்ப வரும், நீண்ட கண் திரும்பாது. பெரும்பாலான பாட்டிகள் இதை ஒத்துக்கொள்கிறார்கள். சிலர் மாலையில் தாங்களே பேத்தியோடு வாசலில் வந்து உட்காரவும் செய்கிறார்கள்.

செல்போன் டோபமினை ஏற்றுகிறது என்கிறார்கள். அப்படியென்றால் கண்ணுக்கு நல்லதுதானே?

இரண்டும் ஒரே பொருள், வேறு வேறு இடம். போனில் அடுத்தடுத்து வீடியோ தள்ளும்போது பேசப்படும் டோபமின், மூளைக்குள் ஆசையும் பரிசுமாக இயங்கும் பாதைகளில் இருப்பது. கண்ணின் டோபமின் விழித்திரையிலேயே சுரந்து அங்கேயே வேலை செய்வது. மூளையில் கூடினால் கண்ணில் கூடும் என்று இல்லை. போன் திரையின் வெளிச்சமும் பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் மிகவும் சொற்பம்.

போனை நான் குறை சொல்வது வேறு இரண்டு காரணங்களுக்காக. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மணிக்கணக்காகப் பிடிப்பது, அந்த மணிகளை வெளியே இருக்க வேண்டிய நேரத்திலிருந்து எடுத்துக்கொள்வது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

டோபமின் கூட வாழைப்பழம் கொடுக்கலாமா? மாத்திரை ஏதாவது உண்டா?

வாழைப்பழத்தில் டோபமின் இருப்பது உண்மை. சாப்பிட்ட டோபமின் ரத்தத்திலிருந்து மூளைக்கோ விழித்திரைக்கோ தடையைத் தாண்டிப் போவதில்லை. பசிக்கு நல்ல பழம், கொடுங்கள்.

தடையைத் தாண்டக்கூடிய லெவோடோபா என்ற மருந்து பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படுவது. பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்கு அது சிகிச்சை அல்ல. தாத்தாவின் மாத்திரையைத் தொடவே கூடாது.

அட்ரோபின் சொட்டு மருந்தும் டோபமின் வழியாகத்தான் வேலை செய்கிறதா?

பிள்ளைகளுக்குப் பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கக் கொடுக்கும் சொட்டு மருந்து அட்ரோபின். கோழிக்குஞ்சின் விழித்திரையில் அது டோபமின் வெளிப்பாட்டைக் கூட்டுவதாகப் பார்த்திருக்கிறார்கள். அதுதான் அதன் முழு வழியா என்பது தீரவில்லை. வழி எதுவானாலும் பலன் அளக்கப்பட்டிருக்கிறது. ஹாங்காங்கில் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடத்தில் பவர் ஏறிய அளவு மருந்தில்லாத வெறும் சொட்டு போட்டவர்களுக்கு 0.81, 0.01% மருந்துக்கு 0.59, 0.025% மருந்துக்கு 0.46, 0.05% மருந்துக்கு 0.27 டயாப்டர். ஆனால் 2023-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வில் 0.01% மருந்துக்கும் வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய சீட்டை வைத்துக் கடையில் வாங்காதீர்கள். எந்த அளவு, எத்தனை வருடம், எப்படி நிறுத்துவது என்று கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கிட்டப்பார்வைக்கு என்று விற்கும் சிவப்பு விளக்கு மெஷின் வாங்கலாமா?

வேண்டாம். சீனாவில் அதைப் பயன்படுத்திய 12 வயதுச் சிறுமிக்கு இரு கண்ணிலும் விழித்திரை பாதிக்கப்பட்டது 2023-ல் பதிவாகியிருக்கிறது. பாதுகாப்பு உறுதியாகும்வரை தள்ளியே இருங்கள்.

எங்கள் இரண்டு பேருக்குமே கண்ணாடி. பிள்ளைக்கு எப்படியும் வரத்தானே போகிறது?

வாய்ப்பு அதிகம், கட்டாயம் இல்லை. ஒரு தலைமுறைக்குள் கிட்டப்பார்வை இவ்வளவு பெருகியதற்குப் பரம்பரையைக் காரணம் சொல்ல முடியாது. மரபணு அவ்வளவு வேகமாக மாறாது. உங்கள் பிள்ளைக்கு வெளிச்சம் மற்றவர்களைவிட அதிகம் தேவை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் பவர் ஏறாது என்கிறார்களே?

பழைய நம்பிக்கை. 2002-ல் மலேசியாவில் வெளியான ஆய்வு, வேண்டுமென்றே பவரைக் குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்கு இரண்டு வருடத்தில் பவர் குறையாமல் இன்னும் கூடுதலாக ஏறியதைக் கண்டது. முழுப் பவரும் போடுங்கள். கண்ணாடி போடாமல் விடுவது அதைவிட மோசம்: கரும்பலகை தெரியாத பிள்ளை படிப்பில் பின்தங்கும், யாரும் காரணம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பவர் வந்துவிட்டது. இனி வெளிச்சத்தால் என்ன பயன்?

இங்கே கவனமாகச் சொல்ல வேண்டும். கிட்டப்பார்வை புதிதாக வருவதைத் தடுப்பதில் வெளிச்சத்தின் ஆதாரம் வலுவானது. வந்தபிறகு ஏறும் வேகத்தைக் குறைப்பதில் அவ்வளவு வலு இல்லை. இருந்தாலும் நான் வெளியே அனுப்பத்தான் சொல்வேன், இழப்பதற்கு ஒன்றுமில்லை. அதோடு வேகத்தைக் குறைக்கும் தனிவகைக் கண்ணாடிகள், கான்டாக்ட் லென்சுகள், அட்ரோபின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். விலை ஒரு பிரச்சினைதான், தயங்காமல் அதையும் பேசுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் தசையைத் தளர்த்திப் பார்க்கும் சோதனையே பிள்ளைகளுக்குச் சரியான பவரைக் காட்டும். கண்ணின் நீளத்தை அளக்கும் கருவி இருந்தால் அந்த எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பவரைவிட நீளம்தான் உண்மையைச் சீக்கிரம் சொல்லும். ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆற்காடு, குடியாத்தம் பக்கத்திலிருந்து வருபவர்கள் பிள்ளையின் பழைய சீட்டுகளை மறக்காமல் கொண்டுவாருங்கள். ஏற்றத்தின் வேகம் அவற்றில்தான் இருக்கிறது.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

முதலில் பி.டி. பீரியடை. தேர்வு நெருங்கினால் அதைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடக்கிறது. குவாங்சோவில் புதிய கிட்டப்பார்வையைக் குறைத்தது தினமும் ஒரு பீரியட் வெளியே இருந்ததுதான் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன?

அடுத்தது இடைவேளை. தைவானில் ஒரு பள்ளியில் இடைவேளையின்போது வகுப்பறையைப் பூட்டாத குறையாகக் காலி செய்து எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். ஒரு வருடத்தில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது 8.41% பேருக்கு, பக்கத்துப் பள்ளியில் 17.65% பேருக்கு. இதற்குப் பணம் தேவையில்லை. வெயில் அதிகமென்றால் மதியச் சாப்பாட்டை வகுப்பில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குப் பதில் வராந்தாவிலோ மரத்தடியிலோ சாப்பிடலாம். வேலூரின் பழைய பள்ளிகள் பலவற்றில் பெரிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. புதிதாகக் கட்டும் பள்ளிகளில் நிழல் இல்லாத சிமெண்ட் முற்றம்தான். அங்கே முதலில் மரம் கேளுங்கள்.

கல்லூரி போகும் மகனுக்கு மைனஸ் எட்டு. அவனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

வளர்ச்சி பெரும்பாலும் நின்றிருக்கும் வயது, ஆகவே வெளிச்சத்தின் பங்கு இப்போது குறைவு. அவனுக்கு வேண்டியது வருடாந்திர விழித்திரைப் பரிசோதனை. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அது கிழிந்து விலகுவதற்கும், கண் நீர் அழுத்த நோய்க்கும், பார்வையின் மையப்பகுதி பாதிப்புக்கும் வாய்ப்பு அதிகம். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றினாலும் கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கும், ஆபத்தும் அப்படியே. திடீரென்று மின்னல் அடிப்பதுபோல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஒரு பக்கமாகத் திரை இறங்குவதுபோல் மறைத்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.